நிழல் விழுந்த இடமெல்லாம் கட்டடம்

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் அப்பாவின் முழங்காலும் என் பொறுமையும் மட்டும் அதில் சேராது. நீ நலம் என்று போனில் சொல்வதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, போனில் எல்லோரும் நலமாகத்தான் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அந்த இருமல் நின்றதா, பேரனுக்குக் காதை மூடித் தொப்பி போட்டு அனுப்புகிறாயா, இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் எழுது. இந்தக் காலத்தில் போய் அம்மா ஏன் இத்தனை பக்கம் எழுதுகிறாள் என்று நீ நினைப்பாய். உன் தம்பி நம் பள்ளிக்கூடத்தின் நூற்றாண்டு விழாக் குழுவில் டீ உபசரிப்புப் பொறுப்பாளர் ஆகிவிட்டான், அன்றிலிருந்து நம் வீட்டுக் கூடத்தில் பேசுகிற எதுவும் நம் வீட்டோடு நிற்பதில்லை. நான் அப்பாவிடம் முதுகு வலி என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் பழைய மாணவர் குழுவில் நாற்பது பேர் எனக்குத் தைலம் சிபாரிசு செய்கிறார்கள். ஆகவே இதைப் படித்து முடிக்கும் வரை அவனுக்குப் போன் செய்யாதே, முடித்த பிறகும் செய்யாதே.

உனக்கு அழைப்பு வந்திருக்கும். நூற்றாண்டு அரங்கத்துக்கு அடிக்கல் நாட்ட நீதான் சிறப்பு விருந்தினர். முதலில் பெரிய பெரிய ஆட்களைத்தான் தேடினார்கள், யாருக்கும் தேதி ஒத்துவரவில்லை, அப்புறம் நீ பாலத்தின் மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்கிற அந்தப் படத்தை யாரோ தலைமையாசிரியருக்கு அனுப்ப, அவருக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது பள்ளிக்கூடத்தில் உன்னை உருவாக்காத ஆளே கிடையாது. உன் கணக்கு வாத்தியார், ஓய்வுபெற வேண்டிய வயதிலும் இன்னும் எப்படியோ பணி நீட்டிப்பில் இருக்கிறாரே அவரேதான், அவர் விழாக் குழுவின் செயலாளர், உனக்குள் இருந்த பொறியாளரை ஏழாம் வகுப்பிலேயே கண்டுபிடித்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதே ஏழாம் வகுப்பில் அவர் என்னை ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி, உங்க பொண்ணு இப்படியே ஓடிக்கிட்டிருந்தா ஒருநாள் பள்ளிக்கூடத்தை விட்டே ஓடிடும் டீச்சர் என்று சொன்னதை நான் மறக்கவில்லை. வேதியியல் ஆசிரியை ஒருபடி மேலே போய், பாலத்துக்கு வேண்டிய இரும்பைப் பற்றி உனக்கு முதலில் சொன்னதே தான்தான் என்கிறாள். பி.டி. டீச்சராக முப்பது வருஷம் அங்கே விசில் ஊதிய நான் உன்னைப் பெற்றதோடு சரி, மற்றதெல்லாம் அவர்கள் கைவரிசை.

விழா மலர் ஒன்று வருகிறது, அதில் பள்ளியின் வரலாறு எழுதும் பொறுப்பு தமிழாசிரியருக்கு. அவருக்கு நாம் வைத்த பட்டப்பெயர் மைக், நினைவிருக்கும், மைக் இல்லாமலேயே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவர் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். கல்விப் பெருந்தகைகள் சிலர் ஒரு நன்னாளில் கூடி ஏழைக் குழந்தைகளின் கண்ணீரைத் துடைக்க எண்ணி அறிவாலயம் ஒன்றை எழுப்பினராம். நான் கேட்டேன், குதிரை எங்கே சார் என்று. எந்தக் குதிரை என்றார். நம் பள்ளிக்கூடம் முதலில் நகராட்சியின் குதிரை லாயம் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், குப்பை வண்டி இழுத்த குதிரைகள். மோட்டார் வண்டி வந்ததும் குதிரைகளை ஏலம் போட்டார்கள், லாயம் காலியாகக் கிடந்தது, பிள்ளைகளை உள்ளே விட்டார்கள், அவ்வளவுதான் வரலாறு. பழைய கட்டடத்துச் சுவரில் இரும்பு வளையங்கள் இருக்குமே, நீங்கள் பை மாட்டுவீர்கள், அது கயிறு கட்டிய வளையம். மைக் அதையெல்லாம் எழுத முடியாது, மாண்பு குறையும் என்கிறார். எனக்கோ அந்த லாயத்தின் மேல் தனி மரியாதை. குதிரைக்குக் காற்று வேண்டும் என்று கூரையை உயர்த்தி, ஜன்னலை எதிரும் புதிருமாக வைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு பிள்ளைகளுக்கென்றே கட்டிய ஒரு கட்டடத்திலாவது அந்தக் காற்று உண்டா சொல். குதிரை நின்றே கிடந்தால் காலில் வலு போய்விடும் என்று அன்றைக்கு யாரோ யோசித்து, அது சுற்றி ஓட அவ்வளவு பெரிய திடலும் விட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்கும் கால் இருப்பது அதற்குப் பிறகு எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை.

அந்தத் திடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்து பெரிய மரங்கள் நின்றன. நம் பள்ளியின் வளர்ச்சி முழுவதும் அந்த மரங்களால் வந்ததுதான், இதையும் மைக் எழுதமாட்டார், ஆகவே நான் உனக்கு எழுதுகிறேன். நம் பள்ளியில் விழாவுக்குப் பந்தல் போடும் வழக்கமே கிடையாது, மரம் இருக்கும்போது பந்தல் எதற்கு என்று யாரோ ஆரம்பித்து வைத்தது. அடிக்கல் நாட்ட வரும் பெரிய மனிதர் ஒன்பதுக்கு வருகிறேன் என்பார், பதினொன்றுக்கு வருவார், அதற்குள் வெயில் ஏறிவிடும், நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடுவார்கள், பெரிய மனிதர் நிழலை விட்டு வெளியே வரமாட்டார், கல் நிழலைத் தேடி அவர் காலடிக்கு வரும். மறுநாள் அந்த மரத்தை வெட்டிவிட்டு அங்கேயே கட்டடம் எழும்பும். அடுத்த விழாவுக்கு அடுத்த மரம். மாடிக் கட்டடம் அப்படித்தான் வாசல் மரத்தடியில் வந்து, முன் கேட்டையே மறித்துக்கொண்டு நிற்கிறது, அன்றிலிருந்து நாமெல்லாம் சந்து வழியாகப் பக்கவாட்டில் நுழைகிறோம். அறிவியல் கூடம் கழிப்பறைக்குப் பின்னால் இருந்த மரத்தடியில் வந்தது, ஜன்னலைத் திறந்தால் என்ன நாற்றம் வந்தாலும் பிள்ளைகள் அதைச் சோதனை வெற்றி என்று எழுதிக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டர் அறை தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து மரத்தடியில். எப்போதும் ஈரம், அதனால் எப்போதும் பூட்டு.

நூலகம் வந்த கதை உனக்கே தெரியும், நீ ஒன்பதாம் வகுப்பு. வரைபடத்தில் அது வடக்கு மூலையில்தான் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன், அங்கே சுண்ணாம்புக் கோடுகூடப் போட்டிருந்தார்கள். வந்த அதிகாரிக்கு அன்றைக்கு வியர்வை தாங்கவில்லை, திடலுக்கு நட்டநடுவே இருந்த மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார், கல்லும் பின்னாலேயே போனது. மறுநாள் பொறியாளர் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். கல்லைக் கொஞ்சம் நகர்த்தி நட்டுக்கலாமே சார் என்று அவர் கேட்டதற்கு, அப்போதைய தலைமையாசிரியர் காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான், பெரியவங்க கையால வச்ச கல்லுங்க, அதைப் போய் நகர்த்துறதா என்றார். பொறியாளர் யோசித்துப் பார்த்துவிட்டு வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து நம் ஓட்டப் பாதை நூலகத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது, எத்தனையோ பிள்ளைகள் அதைச் சுற்றி ஓடியிருக்கிறார்கள், உள்ளே போனவர்கள் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம் ஆட்கள் சொன்ன சொல் தவறமாட்டார்கள், நட்ட கல் நட்டதுதான். நடைபாதை நடுவில் குடிநீர்த் தொட்டிக்கென்று ஒரு கல் நிற்கிறதே, தொட்டி இன்றுவரை வரவில்லை, கல்லுக்கு மட்டும் ஒவ்வொரு விழாவுக்கும் வெள்ளையடிக்கிறார்கள், எல்லோரும் அதில் ஒருமுறையாவது கால் விரலை இடித்துக்கொண்டிருக்கிறோம்.

மரமே இல்லாத ஒரு பெரிய இடமும் உண்டு, தெற்குச் சுவர் ஓரம். நிழல் இல்லாததால் எந்தப் பெரிய மனிதரும் அங்கே நின்றதில்லை, அதனால் கல்லும் இல்லை, கட்டடமும் இல்லை. அங்கே முதலில் ஒரு ஆசிரியர் ஸ்கூட்டரை நிறுத்தினார், ஸ்கூட்டர் இருக்கை சுடுகிறது என்று மேலே ஒரு தகரம் போட்டார்கள், தகரம் இருக்கிறதே என்று இன்னொருவர் கார் வாங்கினார், இன்று அந்தத் தகரக் கொட்டகை ஆறு வகுப்பறை அகலம், ஆளுக்கொரு இடம், கணக்கு வாத்தியார் தன் காருக்குப் போர்வைகூடப் போர்த்திவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறார். பிள்ளைகளுக்கு மிஞ்சியது நூலகத்துக்கும் மேற்குச் சுவருக்கும் இடையே ஒரு துண்டு மண், அதன் ஓரத்தில் ஐந்தாவது மரம். இடம் போதாது என்று இடைவேளையையே மூன்று பங்காகப் பிரித்து வகுப்பு வகுப்பாக வெளியே விடுகிறார்கள். நம் வீட்டு வாலு, அதுதான் உன் தம்பி மகள், அந்தப் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பு. ஆசிரியர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை டை கட்டுகிற பள்ளிக்கு அனுப்பிவிட்டதால் விழாக் குழுவில் யாருக்காவது அங்கே படிக்கிற பிள்ளை உண்டென்றால் அது நம் டீ உபசரிப்பாளருக்கு மட்டும்தான். வாலு உன்னை மாதிரியே, கால் தரையில் நிற்காது. போன வாரம் நூலகச் சுவரில் மோதி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு வந்தது. மருந்து போடும்போது கேட்கிறது, அத்தை ஓடினப்போ இந்தச் செவுரு எங்க பாட்டி இருந்துச்சு என்று. அந்தத் துண்டு மண்ணில்தான் இப்போது உன்னைக் கல் நடக் கூப்பிடுகிறார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. குழுக் கூட்டத்துக்குப் போனேன், கூப்பிடாமலேயே போனேன். கடைசி இடத்தையும் எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் எங்கே ஓடும் என்று கேட்டேன். தலைமையாசிரியர் நல்ல மனிதர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர், அதுதான் அவரிடம் உள்ள கோளாறு. அதுக்கென்ன டீச்சர், அரங்கத்துக்குள்ள நாலு கேரம் போர்டு போட்டுடலாம் என்றார். அரசு உத்தரவில் எந்த இடம் என்று இருக்கிறது என்று கேட்டேன், பொருத்தமான இடம் என்று மட்டும்தான் இருக்கிறதாம். அப்படியானால் தகரக் கொட்டகை பொருத்தமாக இருக்குமே என்றேன். அவ்வளவுதான், ஆளாளுக்குச் சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கணக்கு வாத்தியார்தான் முதலில் வாயைத் திறந்தார், ஆசிரியர்கள் மன உளைச்சல் இல்லாம வந்தாத்தானே டீச்சர் பிள்ளைகளுக்குப் படிப்பு வரும், வெயில்ல காய்ஞ்ச வண்டியில ஏறினா மனசு எப்படி இருக்கும் என்றார். மைக் அதை வழிமொழிந்தார். இப்போதைய பி.டி. டீச்சர், என்னிடம் கோ-கோ கற்றுக்கொண்ட பெண், மூலையில் பிஸ்கட் தட்டை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவளுக்கும் அன்றைக்கு டீ உபசரிப்புதான். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, ரிட்டயர் ஆனவளுக்கு எதுக்கு இந்த வம்பு, பஸ்ஸை விட்டு இறங்கின பிறகும் டிக்கெட் கிழிச்சா எப்படி என்றார். முப்பத்தைந்து வருஷம் கண்டக்டராக இருந்தவர், அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு பஸ் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் பேச்சு உன்னைப் பற்றி. நீ இந்த ஊர்த் தண்ணீர் குடிப்பாயா, நாற்காலியில் மெத்தை போட வேண்டுமா, பூச்செண்டு பெரிதாக இருந்தால் தும்மல் வருமா என்று என்னைத் துளைத்தெடுத்தார்கள். கடைசியாகத் தலைமையாசிரியர், வெயில் எப்படிங்க டீச்சர், ஒத்துக்குமா என்றார். நான் என்ன நினைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, வாயில் வந்துவிட்டது. ஐயோ, அவளுக்கு வெயில் சுத்தமா ஆகாதே, குளிர்ல இருந்து பழகிட்டா, பத்து நிமிஷம் நின்னா மயக்கம் போட்டுடுவா என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஐந்தாவது மரத்தை மின்கம்பிக்காரர்கள் போன மாதம்தான் ஒரு பக்கமாகக் கழித்துவிட்டுப் போனார்கள், இப்போது அதன் நிழல் காலை நேரத்தில் சுவர் தாண்டித் தெருவில் விழுகிறது. துணிப்பந்தல் போடலாம் என்றார் ஒருவர், நூறு வருஷமாக இல்லாத பந்தல் நூற்றாண்டு விழாவிலா என்று மைக் ஒரேயடியாக மறுத்துவிட்டார். அப்போது கணக்கு வாத்தியாரே, சத்தியமாக அவரேதான், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்து, நம்ம பொண்ணுக்காக இதுகூடச் செய்யலைன்னா எப்படி, கொட்டகையில விழாவை வச்சுக்குவோம், ஒருநாள்தானே, வண்டிகளை வெளிய நிறுத்திக்கலாம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டேன் போலிருக்கிறது, உன் தம்பி திரும்பிப் பார்த்தான்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகக் கேள். மேடை, நாற்காலி, பேச்சு எல்லாம் தகரக் கொட்டகையில். பேச்சு முடிந்ததும் உன்னைக் குடை பிடித்துத் திடலைத் தாண்டி ஐந்தாவது மரத்தடிக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு, அங்கே குழி தோண்டி வைப்பார்கள். கொட்டகை ஓரத்தில் தகரம் முடிகிற இடத்தில் நிழலும் முடியும். அந்த இடத்தில் ஒரு அடி வெளியே வை. இரண்டாவது அடி வைக்காதே. நெற்றியில் கையை வைத்துக்கொள், முகத்தைச் சுளி, உன் சின்ன வயசில் கீரை வைத்தால் ஒரு முகம் காட்டுவாயே அது போதும், என்னால் முடியலை சார், இங்கேயே வச்சுடலாமே என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நாற்காலிக்குத் திரும்பிவிடு. மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நூறு வருஷமாகப் பார்த்துக்கொண்டவர்கள்தானே. கல் நிழலைத் தேடி உன் காலடிக்கு வரும். கொட்டகைத் தரை இன்னும் வெறும் மண்தான். கொத்தனார் சிமெண்ட்டைக் குழைத்துக்கொண்டு உன் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பான், அந்த ஏற்பாடு பி.டி. டீச்சருடையது, கொத்தனாரும் நூலகச் சுவரில் மோதிய பழைய மாணவன்தான், முன்பல் பாதி அங்கே போனது. வண்டிகளை வெளியே நிறுத்திய அந்த ஒருநாள் எத்தனை வருஷம் நீள்கிறது என்று கணக்கு வாத்தியார் பிறகு கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

வீட்டில் உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. அவளையா வெயில் ஆகாதுன்னு சொல்லச் சொல்றே என்று கேட்டார். அவர் கேட்டது எனக்கும் உறைத்தது. பி.டி. பீரியட்டை எப்போதும் உச்சி வெயிலில்தான் போடுவார்கள், காலைக் குளிர்ச்சி கணக்குக்கு, சாயங்காலக் காற்று ஆங்கிலத்துக்கு. மற்ற பிள்ளைகளெல்லாம் மரத்தடியில் ஒண்டும்போது நீ செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அந்தக் கொதிக்கிற மண்ணில் ஓடினாய். நிழலுக்கு வாடி என்று நான் விசில் ஊதி ஊதி வாய் வலித்ததுதான் மிச்சம், நீ ஒருநாளும் வந்ததில்லை. அப்படிப்பட்ட உன்னை, உன்னோடு ஓடித் தோற்றவர்களெல்லாம் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, வெயில் தாங்கவில்லை என்று சொல்லச் சொல்கிறேன். வெளிநாட்டுக்குப் போனதும் பவிசு வந்துவிட்டது என்பார்கள், காதில் விழும்படியே சொல்வார்கள். எனக்கு அது வலிக்கும், உனக்கும் வலிக்கும். இருந்தாலும் கேட்கிறேன், ஏனென்றால் நீ ஓடிய ஓட்டத்துக்கு இன்று சாட்சியாக இருப்பது அந்தத் துண்டு மண் ஒன்றுதான், அதில் இப்போது வாலு ஓடுகிறது.

டிக்கெட்டைச் சீக்கிரம் போட்டுவிடு, பேரனை அழைத்துக்கொண்டு வா, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் சண்டை போடாதே. கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள், விமான நிலையத்தில் இறங்கும்போதே போட்டுக்கொள், உன் தம்பி பார்த்துவிட்டு எல்லோருக்கும் சொல்லிவிடுவான், அவனால் நமக்கு ஆகிற உதவி அதுதான். உடம்பைப் பார்த்துக்கொள். மனசுக்குப் பிடித்த வேலையும் அதைச் செய்யக் கால் வலுவும் உனக்கு எந்நாளும் குறையாமல் இருக்கட்டும் என்று அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா.

பி.கு.: முக்கியமானதைச் சொல்ல மறந்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்தாலே அந்தத் திடல் தெரியும். உன்னை எனக்குத் தெரியும், பார்த்த உடனே கால் பரபரக்கும், கை செருப்பு வாரைத் தேடும். சிமெண்ட் காய்கிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறு. காய்ந்ததும் பி.டி. டீச்சர் விசில் ஊதுவாள், அப்போது வாலுவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடு, இந்த முறை நான் நிழலுக்குக் கூப்பிடமாட்டேன்.